ரத்தக்காட்டேரிக்கு எத்தனை மார்க்?

ஒரு நாவலை ஆசை ஆசையா தொறக்கறீங்க. முதல் அத்தியாயம். ஹீரோ வர்றான். வந்தவன் கதையை ஆரம்பிக்காம வாசகர்களைப் பிடிச்சு வைய ஆரம்பிக்கறான். அஞ்சு புத்தகத்துக்கு முன்னாடி நான் சொர்க்கம், நரகம் எல்லாம் போய்ட்டு வந்து உங்களுக்கு ஒரு கதை சொன்னேனே, அதை ஒருத்தராவது ஒழுங்கா மதிச்சீங்களாங்கறது அவனோட புகார். ஹீரோ யாருன்னு கேட்டீங்கன்னா, இருநூறு வருஷத்துக்கு மேல உயிரோட (உயிரோடன்னு சொல்லலாமா?) இருக்கற ஒரு ரத்தக்காட்டேரி. பேரு லெஸ்டாட். புத்தகம் ஆன் ரைஸ் எழுதி 2003ல வந்த 'பிளட் கேன்டிகிள்'.

கொலை பண்றதைப் பத்தி கொஞ்சம்கூட கவலைப்படாத ஒரு காட்டேரி, புத்தக விமர்சனத்துக்கு இவ்ளோ கவலைப்படுதேன்னு முதல்ல எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. இதைப் பத்தி எங்களுக்குள்ள ரெண்டு மாசமா ஒரு சண்டை ஓடிக்கிட்டிருக்கு. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கதையோட முடிச்சுகள் ரெண்டு மூணு வெளிய வரும், படிக்கப் போறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடுங்க.

முதல்ல தெரியாதவங்களுக்கு. இந்த வரிசைக்கு 'வேம்பயர் கிரானிக்கிள்ஸ்'னு பேரு. 1976ல 'இன்டர்வியூ வித் த வேம்பயர்' ஆரம்பிச்சு 2018 வரைக்கும் மொத்தம் 13 புத்தகம். பிராட் பிட், டாம் க்ரூஸ் நடிச்சு 1994ல வந்த படம் நிறையப் பேர் பாத்திருப்பீங்க. அதுக்கு முன்னாடி ரத்தக்காட்டேரின்னா 1897ல பிராம் ஸ்டோக்கர் எழுதின டிராகுலாதான். கோட்டை, வவ்வால், பூண்டு மாலை, சிலுவை. அந்தப் புத்தகத்துல எல்லாரும் டைரி எழுதுவாங்க, கடிதம் எழுதுவாங்க, டிராகுலா மட்டும் தன் பக்கத்துக் கதையைச் சொல்லவே மாட்டார். ஆன் ரைஸ் செஞ்சது ரொம்ப சிம்பிளான வேலை. மைக்கைக் கொண்டுபோய் காட்டேரி முன்னாடி வச்சாங்க. சான்பிரான்சிஸ்கோவுல ஒரு ரூம்ல உக்காந்து லூயின்னு ஒரு காட்டேரி ஒரு சின்னப் பையனோட டேப் ரிக்கார்டர்ல தன் கதையைச் சொல்லுது. அவ்வளவுதான் முதல் புத்தகம். அதுக்கப்புறம் வந்த பாவப்பட்ட, அழகான, காதலிக்கற காட்டேரி எல்லாத்துக்கும் பாட்டி இந்தப் புத்தகம்.

இங்க ஒரு சின்ன கிளைக்கதை. வேம்பயருக்கு நாம ரத்தக்காட்டேரின்னு சொல்லிடறோம். ஆனா காட்டேரி நமக்கு வெறும் பேய் இல்லை, அம்மன். காட்டேரி அம்மனுக்குப் படையல் போடற குடும்பங்கள் இப்பவும் இருக்கு. இங்கேருந்து கப்பலேறி கரும்புத் தோட்டத்துக்குப் போனவங்க கயானா, டிரினிடாட் வரைக்கும் அவளைக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. பயந்து ஓடறதுக்குப் பதிலா சோறு போட்டு சமாதானம் பண்ற பழக்கம் நம்ம பழக்கம். வெள்ளைக்காரன் அந்தப் பக்கம் இன்னொரு கூத்து பண்ணினான். நம்ம விக்கிரமாதித்தன் வேதாளம் கதைகளை ரிச்சர்ட் பர்ட்டன் 1870ல இங்கிலீஷுக்குக் கொண்டுபோனப்ப வச்ச தலைப்பு 'விக்ரம் அண்ட் த வேம்பயர்'. அம்புலிமாமாவுல சங்கர் வரைஞ்ச படத்துல ராஜா தோள்ல தொங்குமே பிணம், அதுக்குள்ள இருந்து கதை சொல்றது வேம்பயராம்! அந்த பர்ட்டனை பிராம் ஸ்டோக்கருக்கு நேர்ல தெரியும். பேசும்போது அவர் மேலுதடு ஏறி கோரைப்பல் பளிச்னு தெரியும்னு ஸ்டோக்கர் தன்னோட நினைவுக் குறிப்புகள்ல எழுதி வச்சிருக்கார். டிராகுலாவுக்குப் பல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு நான் சொல்லலை, நீங்களே யோசிச்சுக்கோங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

தமுக்கம் புத்தகக் கண்காட்சியில ஒரு பழைய புத்தக ஸ்டால்ல குவிச்சுப் போட்டிருந்ததுல இந்த வரிசையோட முதல் ரெண்டும் அட்டை கிழிஞ்ச நிலைமையில கிடைச்சுது. மீதி எல்லாம் கிண்டில். நான் வீட்ல இருந்து ஆணி புடுங்கற ஆளு. வீடு கோரிப்பாளையம். கோர்னா பாரசீகத்துல கல்லறைன்னு அர்த்தம், தர்காவுல அடங்கியிருக்கற பெரியவங்களால வந்த பேருன்னு சொல்வாங்க. ஊர் பேர்லயே கல்லறை இருந்தா காதிக் நாவல் படிக்க செம பொருத்தம்தான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கும் ஆம்புலன்ஸ் சத்தம், பஸ் ஹாரன், பரோட்டா கொத்தற சத்தம்னு இருக்கற ஏரியாவுல காட்டேரி வந்தா அதுதான் மிரண்டு ஆத்தைத் தாண்டி அங்கிட்டு ஓடணும்.

என்கூட சேர்ந்து படிச்சவங்க ரெண்டு பேர். ஒண்ணு செல்லூர் மாப்ள. காலேஜ்ல என் பெஞ்ச், மெக்கானிக்கல் படிச்சுட்டு என்னை மாதிரியே கம்ப்யூட்டர்ல வந்து விழுந்தவன். ராஜேஷ்குமார் பாக்கெட் நாவல்லேருந்து ஸ்டீபன் கிங் வரைக்கும் ஒரே வேகத்துல படிப்பான். இன்னொண்ணு டீம்ல சீனியர், நாங்க அக்கான்னுதான் கூப்பிடுவோம். ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவங்க. காட்டேரிக் கதையெல்லாம் படிப்பாங்களான்னு நினைச்சோம், எங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி முடிச்சுட்டு வந்து நின்னாங்க.

முதல் புத்தகத்துக்கே மூணு பேருக்கும் மூணு அபிப்பிராயம். மாப்ளைக்குப் புடிக்கலை. 'என்னடா இது, காட்டேரி பூராம் புலம்பிக்கிட்டே இருக்கு. கடிக்குது, உடனே உக்காந்து அழுவுது. கடிச்சா கடி, அழுதா அழு, ரெண்டுல ஒண்ணு பண்ணு'ன்னான். அக்காவுக்கு ரொம்பப் புடிச்சுது. லூயி பாவம் பண்ணிட்டு யார்கிட்ட போய் பாவமன்னிப்பு கேக்கறதுன்னு தெரியாம அலையறான், அதுதான் கதைன்னாங்க. நான் நடுவுல. மொழி கொஞ்சம் ஜரிகை அதிகம்தான், ஆனா அந்த நியூ ஆர்லியன்ஸ் ராத்திரி, சதுப்பு நிலம், எண்ணெய் விளக்கு எல்லாம் அப்படியே மூக்குல வந்து அடிக்குது.

ரெண்டாவது புத்தகம் 'த வேம்பயர் லெஸ்டாட்', 1985ல வந்தது. இதுல மாப்ள கவுந்துட்டான். முதல் புத்தகத்துல வில்லனா வந்த லெஸ்டாட் எழுந்து வந்து, லூயி சொன்னதெல்லாம் ஒருதலைப்பட்சம், என் கதையை நான் சொல்றேன்னு ஆரம்பிக்கறான். 1984ல கண் முழிச்சு ராக் பாடகன் வேற ஆகறான். மாப்ள விசில் அடிக்காத குறை. அக்காவுக்கு இது ஆறாத கோபம். 'லூயி சொன்னதை நம்பி நான் அழுதேனே, இப்ப வந்து அது பொய்யின்னா என் அழுகைக்கு என்ன மரியாதை?' யோசிச்சுப் பாருங்க, நியாயமான கேள்வி. தொடர்கதையில இது ஒரு பெரிய வசதி, பெரிய அயோக்கியத்தனமும்கூட. ஒன்பது வருஷம் கழிச்சு வந்து நேத்து சொன்னது சாட்சி இல்லைன்னு சொல்லலாம். எனக்கு ரெண்டுமே புடிச்சுது. ஒரே வீட்டுச் சண்டையை அண்ணன்கிட்ட கேட்டா ஒரு கதை, தம்பிகிட்ட கேட்டா ஒரு கதை, அந்த மாதிரி.

மூணாவது, நாலாவது பத்தி சண்டை இல்லை. மூணாவது பிரமாதம், நாலாவது ஜாலி. நேரா அஞ்சாவதுக்கு வர்றேன், 1995ல வந்த 'மெம்னாக் த டெவில்'. உலகம் முழுக்க வாசகர்கள் ரெண்டா உடைஞ்ச இடம் இதுதான். சாத்தானே நேர்ல வந்து லெஸ்டாட்டை சொர்க்கம், நரகம், சிலுவைப்பாடு நடந்த நாள்னு கூட்டிட்டுப் போறான். கடவுளுக்கும் சாத்தானுக்கும் மனுஷனோட துன்பத்தைப் பத்தி வழக்கு. லெஸ்டாட் கிறிஸ்துவோட ரத்தத்தையே குடிக்கறதா ஒரு காட்சி. ரெட் மீட்டிங்ல உக்காந்த மாதிரி இருந்துச்சுன்னு மாப்ள பாதியில மூடிட்டான், பக்கம் பக்கமா வாதம். அக்காவுக்கு கோபம் வரும்னு எதிர்பார்த்தேன். அவங்க என்ன சொன்னாங்கன்னா, 'தெய்வ நிந்தனைன்னு சிலர் சொல்லலாம். ஆனா கடவுள் மேல கோபம் இல்லாதவங்க இவ்ளோ நேரம் அவர்கிட்ட பேச மாட்டாங்க தம்பி'. அதுக்கப்புறம் தேடிப் பாத்தா, ஆன் ரைஸ் 1998ல பல வருஷம் கழிச்சு கத்தோலிக்க சபைக்குத் திரும்பியிருக்காங்க. 2005ல இயேசுவோட சின்ன வயசைப் பத்தியே நாவல் எழுதியிருக்காங்க. அப்புறம் 2010ல மறுபடி வெளியேறிட்டாங்க, அது வேற கதை. அக்காவோட மூக்கு சரியாத்தான் மோப்பம் பிடிச்சிருக்கு.

இந்த மாதிரி சண்டை நமக்குப் புதுசில்லை. அமானுஷ்யத் தொடர்ல நம்ம ஊர் ராஜா இந்திரா சௌந்தர்ராஜன். மதுரையிலேயே வாழ்ந்து 2024 நவம்பர்ல மதுரையிலேயே மறைஞ்சவர். அவரோட 'விட்டு விடு கருப்பா'தான் 90கள்ல நாகா இயக்கத்துல 'மர்மதேசம்' வரிசையில 'விடாது கருப்பு'ன்னு சன் டிவியில வந்தது. நான் அப்ப கைக்குழந்தை, பின்னாடி யூட்யூப்லதான் பாத்தேன். ஊர்ல தப்பு பண்றவங்களை கருப்பு தண்டிக்குதுன்னு ஊரே நம்பும். கடைசியில அதுக்குப் பின்னாடி ஒரு மனுஷனோட பிளவுபட்ட மனசுன்னு விளக்கம் வரும். எங்க அப்பத்தா அந்த முடிவை ஒத்துக்கவே இல்லை. அழகர்கோயில் பதினெட்டாம்படி கருப்பு முன்னாடி பொய்ச் சத்தியம் பண்ண பயப்படற ஊர்ல பொறந்தவங்க. 'இவ்ளோ தூரம் கருப்பைக் காட்டிட்டு கடைசில டாக்டர் வந்து பேசறாரு, போடா'ன்னு சாகற வரைக்கும் சொன்னாங்க. எங்கப்பா கட்சி நேர் எதிர். அந்த விளக்கம் இருக்கறதாலதான் அது நல்ல கதைம்பார். இதே பஞ்சாயத்து இங்கிலாந்துல 1790கள்லயே ஓடியிருக்கு. ஆன் ராட்கிளிஃப்னு ஒரு அம்மா கோட்டை, திரை, எலும்புக்கூடுன்னு நல்லா பயமுறுத்திட்டு கடைசில எல்லாத்துக்கும் காரணம் சொல்லிடுவாங்க. அது வாசகனை ஏமாத்தற வேலைன்னு வால்டர் ஸ்காட்டே குறைபட்டிருக்கார். ஸ்காட்டும் எங்க அப்பத்தாவும் ஒரே கட்சி :-)

ஆன் ரைஸ் அப்பத்தா கட்சி. காட்டேரின்னா காட்டேரிதான், டாக்டர் வந்து விளக்க மாட்டார். நானும் கதை படிக்கறப்ப அந்தக் கட்சிதான். மத்த நேரம் அப்பா கட்சி.

இப்ப 'பிளட் கேன்டிகிள்'. வரிசையில பத்தாவது, இதோட முடிஞ்சதுன்னு அப்ப சொன்னாங்க (2014ல மறுபடி ஆரம்பிச்சாங்க, சினிமாக்காரங்க மட்டும்தான் இப்படிப் பண்ணணுமா என்ன). புத்தகம் வந்ததும் அமேசான்ல வாசகர்கள் கிழி கிழின்னு கிழிச்சாங்க. லெஸ்டாட் லெஸ்டாட் மாதிரி பேசலை, பழைய ஆள் எங்க, எடிட்டரே இல்லையா, இப்படி. 2004 செப்டம்பர்ல ஆன் ரைஸே அங்க வந்து நீளமா ஒரு பதில் போட்டாங்க. பத்தி பிரிக்காம ஒரே மூச்சுல. நீங்க தப்பான கோணத்துலேருந்து புத்தகத்தைப் பாக்கறீங்க, என் எழுத்துல எடிட்டர் கை வைக்க நான் விடறதில்லை, அந்த உரிமையை நான் போராடி வாங்கியிருக்கேன்னு போகுது. கடைசில, புத்தகம் புடிக்கலைன்னா எனக்குத் திருப்பி அனுப்புங்க, காசு தர்றேன்னு தன் வீட்டு விலாசத்தையே போட்டுட்டாங்க. முகம் தெரியாத பேர்ல நான் ஒளிஞ்சுக்கலைங்கற தோரணை.

மாப்ளைக்கு இது மாஸ். 'பாத்தியா, முகமூடி போட்டு வையறவய்ங்களுக்கு வீட்டு விலாசம் குடுத்தா பாரு, கெத்து'. நான் ஒத்துக்கலை. காசு குடுத்துப் படிச்சவன் நல்லா இல்லைன்னு சொல்றது அவன் உரிமை. அதுக்கு நீ படிச்ச விதம் தப்புன்னு எழுதினவங்களே வந்து சொன்னா அப்புறம் என்ன இருக்கு. எங்க வேலையில ஒரு வகை சீனியர் உண்டு. நான் எழுதின கோடுக்கு ரிவ்யூ எதுக்கு, நேரா ப்ரொடக்‌ஷன்ல தள்ளுன்னு சொல்றவங்க. பல தடவை அவங்க கோடு உண்மையிலேயே நல்லாத்தான் இருக்கும், அதுதான் பிரச்சினையே. நல்லா இல்லாத அந்த ஒரு நாள்ல சொல்றதுக்கு ஆள் இருக்காது. 'பிளட் கேன்டிகிள்' அந்த ஒரு நாள். ஒரு நல்ல எடிட்டர் அந்த முதல் அத்தியாயத்தைப் பாத்திருந்தா ஒரு கோடு போட்டு அடிச்சிருப்பார். அக்கா இதுல என் பக்கம், ஆனா ஒரு 'ஆனா' போட்டாங்க. அவங்க புருஷன் எப்ப செத்தார்னு பாருன்னாங்க.

பாத்தேன். ஸ்டான் ரைஸ், கவிஞர், ஓவியர். நாப்பது வருஷத்துக்கு மேல கூட வாழ்ந்தவர். மூளைப் புற்றுநோய்ல 2002 டிசம்பர்ல போயிருக்கார். புத்தகம் 2003 அக்டோபர்ல வந்திருக்கு.

இங்க எங்கம்மாவைக் கொண்டு வரணும். அம்மா பெரியாஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க. அதுல ரொம்ப வருஷம் குழந்தைங்க வார்டு. இங்கிலீஷ் நாவல் படிக்க மாட்டாங்க, கதை கேக்கப் புடிக்கும். ராத்திரி சாப்பிட்டதுக்கப்புறம் கீரை ஆயும்போதோ துணி மடிக்கும்போதோ அன்னைக்குப் படிச்சதை நான் சொல்லணும். இது சின்ன வயசுலேருந்து இருக்கற ஏற்பாடு. பொன்னியின் செல்வன்கூட இப்படித்தான் அவங்களுக்கு ரெண்டாவது தடவை ஓடுச்சு. முதல் புத்தகத்தைச் சொல்லிக்கிட்டு வந்தேன். தாயோட பிணத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கற அஞ்சு வயசு பொண்ணு, கிளாடியா. லூயி அவளைக் கடிச்சுடறான். சாகக் கிடக்கறவளுக்கு லெஸ்டாட் தன் மணிக்கட்டைக் கிழிச்சு ரத்தத்தைக் குடிக்கக் குடுக்கறான். அவ முகத்துல நிறம் திரும்புது, கண்ணு பளபளன்னு ஆகுது, இன்னும் வேணும்னு கேக்கறா.

அம்மா துணி மடிக்கறதை நிறுத்திட்டாங்க.

'எழுதினவங்க நர்ஸா?'ன்னு கேட்டாங்க.

இல்லையே, ஏம்மான்னேன்.

'ரத்தம் ஏத்தின புள்ளை அப்படித்தாண்டா இருக்கும். வெளிறிப்போய் மெழுகு பொம்மை மாதிரி கிடக்கும். ஒரு பாட்டில் உள்ள போச்சுன்னா கன்னத்துல செவப்பு வரும். எந்திரிச்சு உக்காந்து இட்லி கேக்கும். அதைப் பாத்து பெத்தவ சிரிப்பா. நமக்குத் தெரியும், அது ரெண்டு வாரத்துக்குத்தான்னு. மறுபடியும் வெளுத்துரும், மறுபடியும் ரத்தம். பாக்காதவங்களுக்கு இதை எழுத வராது.'

அதுவரைக்கும் நான் அம்மாகிட்ட ஆன் ரைஸைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை. அன்னைக்குத்தான் சொன்னேன். அவங்களுக்கு மிஷேல்னு ஒரு பொண்ணு இருந்தா. ரத்தப் புற்றுநோய். 1972ல, ஆறு வயசு முடியறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி போயிட்டா. அடுத்த வருஷம் அந்த அம்மா ஒரு பழைய சிறுகதையை எடுத்து அஞ்சு வாரத்துல நாவலாக்கினாங்க. அதுதான் இந்தப் புத்தகம். கிளாடியாவுக்கு சாவே கிடையாது, வயசும் ஏறாது. எழுதும்போது அது தன் பொண்ணுன்னு தனக்கே தோணலைன்னு அவங்க பின்னாடி பேட்டியில சொல்லியிருக்காங்க.

அம்மா ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, 'அது எப்படி தோணாம இருக்கும்'னு மட்டும் சொல்லிட்டு துணியை எடுத்து உள்ள வைக்கப் போயிட்டாங்க.

நான் மூணு தடவை அந்தக் காட்சியைப் படிச்சிருந்தேன். படமும் பாத்திருந்தேன். படத்துல கிளாடியாவா வர்ற கிர்ஸ்டன் டன்ஸ்ட் அஞ்சு வயசைவிட ரொம்பப் பெரிய பொண்ணு, அதனால அது அங்க வேற மாதிரி ஆகிடுச்சு. மிஷேல் கதை முன்னுரைகள்லயும் கட்டுரைகள்லயும் எல்லாரும் எழுதினதுதான், நானும் படிச்சதுதான். ஆனா அது எனக்கு ஒரு தகவலா இருந்துச்சு. வார்டுல நின்னவங்களுக்கு அது வேற. அந்த வரிசையில இத்தனை பக்கத்துக்கு ரத்தம் ஏன் இவ்ளோ ருசியா, இவ்ளோ ஆசையா எழுதப்பட்டிருக்குன்னு அதுக்கப்புறம்தான் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பாத்தேன். கோரப்பல்லெல்லாம் அங்க சும்மா. உள்ள போற ரத்தம்தான் விஷயம்.

மறுநாள் டீக்கடையில இதை மாப்ளகிட்ட சொன்னேன். அவன் ரொம்ப நேரம் டம்ளரையே பாத்துட்டு இருந்துட்டு, 'அப்ப புலம்பறது லூயி இல்லையா'ன்னான். அதுக்கப்புறம் முதல் புத்தகத்தை அவன் குறை சொல்லலை. புடிச்சுதுன்னும் சொல்லலை, அது வேற விஷயம். அக்காகிட்ட போன்ல சொன்னப்ப அவங்க பக்கம் சத்தமே இல்லை.

ஆனா இதை வச்சு 'பிளட் கேன்டிகிளு'க்கு நான் மார்க் கூட்டிப் போட மாட்டேன். மாப்ள அங்கதான் வந்து நிக்கிறான், புருஷன் போன துக்கத்துல எழுதினது, விடுறாங்கறான். விட முடியலை. பொண்ணு போன துக்கம் ஒரு புத்தகத்துல கிளாடியாவா வந்துச்சு. புருஷன் போன துக்கம் இன்னொரு புத்தகத்துல வாசகனை வையறதா வந்திருக்கு. துக்கம் ஒண்ணேதான், ஆனா ஒண்ணு கதையா மாறியிருக்கு, ஒண்ணு மாறலை. இவங்களால முடியும்னு முதல் புத்தகத்தைப் படிச்சவனுக்குத் தெரியும், அதனாலதான் அந்த அமேசான்காரங்களுக்கு அவ்ளோ கோபம் வந்திருக்கும்னு இப்ப தோணுது. அதுல பாதிப் பேர் இருபது வருஷமா அவங்களைப் படிச்சவங்களா இருப்பாங்க. புடிக்காத எழுத்தாளரை யாரும் பத்தாவது புத்தகம் வரைக்கும் படிக்கறதில்லை.

ஆன் ரைஸ் 2021 டிசம்பர்ல, எண்பது வயசுல போயிட்டாங்க. அடுத்த வருஷமே முதல் புத்தகம் டிவி தொடரா வந்துச்சு, அதுலயும் நிறைய மாத்தியிருக்காங்க, அதுக்கும் ரெண்டு கட்சி.

படிக்க நினைக்கறவங்களுக்கு: முதல் மூணையும் வரிசையா படிங்க. நாலாவது பஸ் பயணத்துக்கு. அஞ்சாவது அக்கா மாதிரி பொறுமை இருந்தா மட்டும். பத்தாவதை நூலகத்துல கிடைச்சா முதல் அத்தியாயம் மட்டும் நின்னுக்கிட்டே படிச்சுட்டு வச்சுடுங்க.

அம்மாவுக்குக் கதை இன்னும் முடியலை. மறுநாளே, அந்தப் புள்ளை அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. லெஸ்டாட்டை விட்டுட்டு லூயியும் கிளாடியாவும் கப்பலேறி ஐரோப்பா போனதைச் சொன்னேன். பாரிஸ் வந்ததையும் சொன்னேன். புத்தகம் படிச்சவங்களுக்குத் தெரியும், பாரிஸ்ல அந்தப் புள்ளைக்கு என்ன ஆகுதுன்னு. ஒரு வாரமா ரெண்டு பேரையும் ஓட்டல் ரூம்லயே தங்க வச்சிருக்கேன். நேத்து புதுசா ஒரு கவுன் வாங்கிக் குடுத்தேன், புத்தகத்துல இல்லாதது. இன்னைக்கு நாடகம் பாக்கக் கூட்டிட்டுப் போகணும்.